பண்ணைக்குள் வண்டி வராமல் பன்றி ஏற்றியது

போன மாதம் ஒரு லோடு பன்றி ஏற்றி அனுப்பினோம். வியாபாரியின் வண்டி கேட்டுக்கு உள்ளே ஒரு சக்கரம்கூட வைக்கவில்லை. அவருடைய ஆட்களும் உள்ளே கால் வைக்கவில்லை. பண்ணை தொடங்கிய நாள் முதல் இப்படி நடப்பது இதுதான் முதல் தடவை. வெளியிலிருந்து நோய் உள்ளே வரக்கூடாது என்கிற இந்த ஒரு காரியத்துக்காகக் கட்டியது, இடித்தது, மறுபடி கட்டியது எல்லாவற்றையும் செலவோடு எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. புதிதாக வெண்பன்றிப் பண்ணை போடுகிறவர்கள் கொட்டகைக்குக் கணக்குப் போடுகிறார்கள், தீவனத்துக்குக் கணக்குப் போடுகிறார்கள். வாசலுக்கு யாரும் கணக்குப் போட்டு நான் பார்த்ததில்லை.

எங்கள் பண்ணை சத்தியமங்கலம் பக்கம். பன்னிரண்டு தாய்ப்பன்றி, இரண்டு ஆண் பன்றி. எல்லாம் லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர், இல்லையென்றால் அதன் கலப்பு. பால் மறந்த குட்டிகளை வளர்ப்புக்கு விற்போம், மீதியை வளர்த்துக் கறிக்குக் கொடுப்போம். கறிக்குப் போவதில் பெரும்பங்கு கேரளாவுக்கு.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020இல் அசாமில் வந்தபோது அது எங்கோ நடக்கும் விஷயமாக இருந்தது. 2022 ஜூலையில் வயநாடு மானந்தவாடியில் பண்ணைப் பன்றிகளுக்கு வந்தது என்றதும் சாப்பாடு இறங்கவில்லை. 2023 தொடக்கத்தில் முதுமலையில் செத்துக் கிடந்த காட்டுப்பன்றிகளிலும் அதே நோய் என்று உறுதியானது. முதுமலைக் காடு அப்படியே தொடர்ந்து வந்து எங்களுக்கு வடக்கே இருக்கிற காட்டோடு சேருகிறது. இந்த நோய்க்கு மருந்து கிடையாது, நம் நாட்டில் தடுப்பூசியும் கிடையாது. மனிதர்களுக்கு வராது, ஆனால் பன்றிகளில் தப்புவது அபூர்வம். நோய் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கிற பன்றிகள் அத்தனையையும் அழித்துவிடுவார்கள். பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பு. அதாவது பக்கத்துத் தோட்டத்துக்காரர் கவனமில்லாமல் இருந்தாலும் என் பன்றி போய்விடும். அவர் தோட்டத்தை நான் ஒன்றும் செய்ய முடியாது. என் வேலிக்குள் செய்யக்கூடியதைச் செய்வோம் என்றுதான் இறங்கினேன்.

முதலில் செய்தது வேலி. இதில் சொல்ல அதிகம் இல்லை, செலவுதான் அதிகம். ஐந்தடி உயரக் கம்பி வலை, எட்டடிக்கு ஒரு கல்தூண். அடியில் இரண்டு வரிசை ஹாலோ பிளாக் வைத்து, அதில் ஒரு வரிசையை மண்ணுக்குள் இறக்கினோம். காட்டுப்பன்றி வலையைத் தாண்டாது, மூக்கை விட்டுத் தோண்டும். வெறும் வலையை மண்ணோடு விட்டால் ஒரே ராத்திரியில் நாய் நுழையும் அளவுக்குத் தூக்கிவிடும். பண்ணையைச் சுற்றி மட்டும்தான் போட்டேன், தோட்டம் முழுக்க இல்லை. அதற்கே ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஆயிற்று.

அடுத்தது ஆட்கள் நுழையும் இடம். முன்பு கொட்டகை வாசலில் இரண்டடிக்கு இரண்டடி சிமெண்ட் தொட்டி ஒன்று இருந்தது. அதில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்து வைப்போம். வருகிறவர்கள் செருப்போடு அதில் காலை வைத்துவிட்டு உள்ளே போவார்கள். காலையில் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும் தண்ணீர் பத்து மணிக்குச் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். சாணமும் மண்ணும் பட்டதும் மருந்து அதோடு மல்லுக்கட்டி வேலை செய்துவிட்டுச் செத்துப்போகிறது. அதற்கப்புறம் அதில் கால் வைப்பது குட்டையில் கால் வைப்பது மாதிரிதான். மழை பெய்தால் இன்னும் மோசம். பிளீச்சிங் பவுடருக்கு மாறிப் பார்த்தோம், அதிலும் அதே கதை. போதாக்குறைக்குச் சாக்கைத் திறந்து வைத்தால் பவுடர் வீரியம் இழந்துவிடும். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறாவிட்டால் அது வெறும் சுண்ணாம்பு என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தொட்டியை உடைத்துவிட்டு, எட்டடிக்கு ஆறடியில் ஒரு சின்ன அறை கட்டினோம். கதவு இரண்டு: ஒன்று வெளிப்பக்கம், ஒன்று பண்ணைப் பக்கம். அறைக்கு நடுவில் குறுக்காக, சுவரிலிருந்து சுவர் வரைக்கும் ஒரு திண்ணை. உயரம் ஒன்றரை அடி, அகலம் ஒன்றேகால் அடி, மேலே கடப்பா கல். வெளியிலிருந்து வருகிறவர் திண்ணையில் உட்கார்ந்து செருப்பை இந்தப் பக்கம் கழற்ற வேண்டும். காலைத் தூக்கி அந்தப் பக்கம் திருப்பி, அங்கே இருக்கிற கம்பூட்ஸைப் போட வேண்டும். வெறுங்கால் வெளிப்பக்கத் தரையில் படக்கூடாது, பூட்ஸ் இந்தப் பக்கம் வரக்கூடாது. டென்மார்க் பண்ணைகளில் இப்படித்தான் செய்கிறார்கள். அங்கே குளித்து உடை மாற்றுகிற வசதி எல்லாம் இருக்கும். நமக்கு இரண்டு ஆணியில் தொங்கும் சட்டையும் கைலியும் போதும். ஒரு குழாய், சோப்பு, பூட்ஸ் அடியைத் தேய்க்க ஒரு நைலான் பிரஷ்.

கடப்பா கல் போட வந்த மேஸ்திரி, "ஏனுங்க, ஒரு ஆள் தாண்டிப் போற எடத்துல திண்ணைய வெச்சா போறவன் முட்டி என்னத்துக்காவறதுங்க? நடுவுல ரெண்டடி வழி உட்ருலாம்ங்க" என்றார். வழி விட்டால் எல்லோரும் வழியில்தான் போவார்கள். திண்ணையைத் தாண்டாமல் உள்ளே போகவே முடியாது என்று இருப்பதுதான் இதில் விஷயம். போர்டு எழுதி மாட்டுவது, சொல்லிச் சொல்லிப் பார்ப்பது எல்லாம் நான் இல்லாத நேரத்தில் நடக்காது. கல் நான் இல்லாதபோதும் வேலை செய்யும்.

அறைக்கு மொத்தம் முப்பத்தெட்டாயிரம். இதில் அடுத்த முறை மாற்றுவதாக இருந்தால் திண்ணைக்கு மேலே ஒரு பிடிமானக் கம்பி வைப்பேன். என் அம்மா பண்ணைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

அப்புறம் தீவனம். நாங்கள் சத்தியமங்கலத்து ஹோட்டல்களிலிருந்து மிச்ச சாப்பாடு எடுத்துக்கொண்டிருந்தோம். இங்கே பாதிப் பண்ணைகள் அதில்தான் ஓடுகின்றன, அது இல்லாமல் கட்டுப்படி ஆகாது என்பதும் உண்மை. ஆனால் இந்த நோயின் கிருமி பன்றிக்கறி வழியாகவும் நாடு விட்டு நாடு போயிருக்கிறது. உப்புக்கண்டம், புகையில் வாட்டிய கறி எதிலும் அது லேசில் சாவதில்லை. ஹோட்டல் வாளியில் யார் தட்டிலிருந்து என்ன விழுந்தது என்று யாருக்குத் தெரியும்? 90 டிகிரியில் ஒரு மணி நேரம், விடாமல் கிளறிக் காய்ச்ச வேண்டும் என்பது உலக அளவில் வைத்திருக்கும் விதி. 200 லிட்டர் இரும்பு டிரம்மை இரண்டாக வெட்டி அடுப்பு போட்டேன். சமையல் மாஸ்டர்கள் பயன்படுத்தும் நீளமான குச்சித் தெர்மாமீட்டர் ஒன்றை ஆன்லைனில் வாங்கி நடுவில் விட்டுப் பார்த்தால் வேடிக்கையாக இருந்தது. ஓரத்தில் தளதளவென்று கொதிக்கிறது, நடுவில் சோற்று உருண்டைக்குள் 60 டிகிரிகூட இல்லை. தண்ணீர் இன்னும் கொஞ்சம் ஊற்றி, மண்வெட்டிக் காம்பில் தகடு அடித்த துடுப்பால் கிளறினால்தான் நடுவிலும் சூடு ஏறுகிறது.

அதைவிட முக்கியமாகக் கண்ணில் பட்டது வாளி. பச்சையாக வந்த வாளியிலேயே காய்ச்சியதையும் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். விறகைக் கரியாக்கி ஒரு மணி நேரம் காய்ச்சியதன் பலன் அங்கேயே போய்விட்டது. வெளியிலிருந்து வரும் வாளிக்குச் சிவப்பு பெயிண்ட், காய்ச்சியதற்கு நீலம் என்று அடித்தோம். சிவப்பு வாளி வேலிக்கு வெளியே, அடுப்பும் வேலிக்கு வெளியே. காய்ச்சியது வேலியில் வைத்த ஒரு சரிவுத் தகடு வழியாக உள்ளே நிற்கும் நீல டிரம்மில் விழும். இப்போது வளரும் பன்றிகளுக்கு மட்டும்தான் இது. தாய்ப்பன்றிகளுக்கும் குட்டிகளுக்கும் முழுக்க மக்காச்சோளம், தவிடு, புண்ணாக்கு, தாது உப்பு கலந்த தீவனம். சினைக்கு இரண்டரைக் கிலோ, பால் கொடுப்பதற்கு ஐந்து முதல் ஆறு கிலோ. செலவு ஏறியது, மறைக்கவில்லை. ஆனால் வருடத்துக்கு இரண்டு ஈற்று கொடுக்கிற ஒரு தாய் போனால் வருகிற நஷ்டத்தை நினைத்தால் இது பெரிய தொகை இல்லை. தோட்டத்தில் தங்கி வேலை செய்கிறவர்களிடமும் ஒன்றைச் சொன்னேன்: வெளியிலிருந்து பன்றிக்கறி உள்ளே வரக்கூடாது, வேண்டும் என்கிறபோது நம் பண்ணையிலேயே தருகிறேன். அதில் யாருக்கும் வருத்தம் இல்லை.

இனி வண்டி. பன்றி வியாபாரியின் பிக்கப் காலையில் ஒரு பண்ணை, மதியம் ஒரு பண்ணை என்று சுற்றுகிறது. டயரில் ஒட்டியிருக்கும் சாணம், டிரைவர் செருப்பு, பின்னால் கிடக்கும் வைக்கோல் எல்லாம் நேராகக் கொட்டகை வாசலுக்கு வந்து நிற்கும். டயருக்கு மருந்து அடித்தால் போதும் என்றுதான் முதலில் இருந்தேன். காய்ந்து இறுகிய சேற்றின்மேல் மருந்து அடித்தால் மேலோடு வழிந்து போகிறது. வண்டி உள்ளே வந்துவிட்டு அப்புறம் கழுவுவதைவிட வராமல் இருப்பது மலிவு.

வேலியின் ரோட்டோர மூலையில் ஒரு சாய்தளம். பிக்கப்பின் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டரை அடி. பன்றி ஏறுவதற்கு 20 டிகிரிக்கு மேல் சாய்வு இருக்கக்கூடாது. ஏழு அடி நீளம் போதும் என்று கணக்கு வந்தது, எட்டடி போட்டோம். எட்டங்குலத்துக்கு ஒன்றாகக் குறுக்கே வரப்பு மாதிரி ஒரு அங்குல உயரத்தில் சிமெண்ட் கட்டை, குளம்பு வழுக்காமல் இருக்க. அகலம் இரண்டடி. இதில் கை வைக்காதீர்கள், அகலமாகப் போட்டால் நடுவழியில் திரும்பி நின்று நம்மையே பார்க்கும்.

பக்கங்களுக்கு முதலில் மிச்சமிருந்த கம்பி வலையை அடித்தோம். ஒரு பன்றியும் ஏறவில்லை. வலை வழியாக வண்டி தெரிகிறது, ஆட்கள் தெரிகிறார்கள், தரையில் வலையின் நிழல் கட்டம் கட்டமாக விழுகிறது. அந்த நிழலின் முன்னால் வந்து மூக்கை வைத்து மோந்து பார்த்துவிட்டுப் பின்னால் போகிறது. பின்னால் இருந்து தள்ளினால் கத்துகிற கத்தலில் மற்றவையும் மிரள்கின்றன. வலையைப் பிரித்துவிட்டு மூன்றடி உயரத்துக்கு ஜிஐ தகடு அடித்தோம். இரண்டு பக்கமும் ஒன்றும் தெரியாது, முன்னால் மட்டும் வெளிச்சம். அப்புறம் ஒரு பலகையைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் நடந்தால் போதும். தடி தேவையில்லை, வாலை முறுக்க வேண்டியதும் இல்லை.

இது சரியானதும் இன்னொன்று கெட்டது. கொத்தனார் தரையை எப்போதும் போல் பண்ணையின் சாக்கடைப் பக்கம் வாட்டம் வைத்துப் பூசிவிட்டார். அவர்மேல் குறை இல்லை, எல்லாச் சாக்கடையும் அங்கேதான் இருக்கிறது. வண்டி போனபின் சாய்தளத்தைக் கழுவினால் அந்தத் தண்ணீர் வழிந்து, வேலிக்கு அடியில் புகுந்து, பன்றிகள் நடக்கிற பாதையில் வந்து சேர்கிறது. வண்டியை வெளியே நிறுத்திவிட்டு வண்டித் தண்ணீரை உள்ளே விட்டுக்கொண்டிருந்தேன். ஒரு குடம் தண்ணீரைச் சாய்தளத்தின் உச்சியில் ஊற்றி அது எங்கே போகிறது என்று பார்த்தபோதுதான் தெரிந்தது. கொத்தித் தள்ளிவிட்டு, உச்சியில் இரண்டடி நீளத்துக்கு மட்டும் வெளிப்பக்கம் வாட்டம் திருப்பி, நடுவில் இரண்டங்குலத் தடுப்பு வைத்தோம். தடுப்புக்கு அந்தப் பக்கம் விழுவது ரோட்டோரம் தோண்டிய குழிக்குப் போகும், இந்தப் பக்கம் விழுவது நம் சாக்கடைக்கு. சாய்தளத்துக்கு இருபத்தேழாயிரம், திருத்தியதற்கு நாலாயிரத்து ஐந்நூறு. இப்போது எந்தத் தரை போட்டாலும் பூச்சு காய்வதற்குள் நானே ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறேன்.

வியாபாரிக்கு இது பிடிக்கவில்லை. "என்னண்ணா, நாங்க என்ன வியாதிக்காரங்களா?" என்று கேட்டார். கொட்டகைக்குள் வந்து தானே தேர்ந்தெடுத்துப் பழகியவர். கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்தும் கேட்டார். எடைத் தராசை வேலிக்கு உள்பக்கம், அவர் வெளியே நின்று முள்ளைப் பார்க்கிற மாதிரி வைத்துக் கொடுத்தேன். பேரம் பழைய விலைக்கே வந்தது. அவருடைய ஆட்கள் சாய்தளத்தின் உச்சி வரை வரலாம், தடுப்பைத் தாண்டக்கூடாது. எங்கள் ஆட்கள் தடுப்பு வரை போகலாம், வண்டியில் ஏறக்கூடாது. தடுப்பைத் தாண்டிய பன்றி திரும்பி வரக்கூடாது என்பதும் விதி. அதைச் சொன்ன அன்றே ஒரு பன்றி நொண்டுகிறது, வேண்டாம் என்று வண்டியிலிருந்து திருப்பிவிட்டார்கள். அதை மறுபடி கூட்டத்தில் சேர்க்காமல் தனிக் கொட்டகைக்குக் கொண்டுபோனோம்.

தனிக் கொட்டகை என்பது பழைய மாட்டுத் தொழுவம். பண்ணையிலிருந்து ஒரு தென்னை வரிசை தள்ளி, ஏறக்குறைய நூற்றைம்பது அடி தூரம். வெளியிலிருந்து வாங்கும் ஆண் பன்றியோ பெட்டைக் குட்டியோ முப்பது நாள் அங்கேதான் இருக்கும். அதற்கென்று தனி பூட்ஸ், தனி மண்வெட்டி. தீவனம் வைக்கும் முறை கடைசி: பண்ணை வேலையெல்லாம் முடித்துவிட்டு அங்கே போனவர் அன்றைக்குத் திரும்பப் பண்ணைக்குள் வரமாட்டார். தினமும் காலையில் காய்ச்சல் பார்க்க வேண்டும். சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும், ஆனால் அதன் வாலில் ஒரு நைலான் கயிறு கட்டி, கயிற்று நுனியில் துணி கிளிப் மாட்டி அதை முதுகு மயிரில் கவ்வ விடுங்கள். இல்லாவிட்டால் பன்றி ஓடும், தெர்மாமீட்டரும் அதோடு ஓடும். 102 அல்லது 103 ஃபாரன்ஹீட் வரை பயமில்லை. வெயிலில் நின்றிருந்தால் கொஞ்சம் கூடக் காட்டும், அதனால்தான் காலையில் பார்ப்பது. 105 தாண்டி, தீனியையும் தொடாமல் படுத்திருந்தால் ஊசி போட்டுப் பார்ப்போம் என்று உட்காராமல் உடனே டாக்டருக்குச் சொல்ல வேண்டும்.

அப்படி வாங்கி வந்த இரண்டு பெட்டைகளில் ஒன்று, வந்தபோது தோல் பளபளவென்று இருந்தது. இரண்டாவது வாரம் சுவரில் உரச ஆரம்பித்தது. காதுக்குள் விரலை விட்டுப் பார்த்தால் காப்பிப் பொடி மாதிரி பொருக்கு. சொறி. ஒரு சதவீத ஐவர்மெக்டின் ஊசி 33 கிலோ எடைக்கு ஒரு மில்லி, காதுக்குப் பின்னால் தோலுக்கடியில், பதினான்கு நாள் கழித்து இன்னொன்று. சொறியால் பன்றி சாகாது, ஆனால் தீனி எல்லாம் சொறிவதற்கே சரியாகப் போகும். அந்தப் பெட்டையை வந்த அன்றே மற்ற பன்றிகளோடு விட்டிருந்தால் பன்னிரண்டு தாய்க்கும் குட்டிகளுக்கும் ஊசி போட்டுக்கொண்டு இருந்திருப்பேன். பழைய தொழுவத்தைத் தயார் செய்ய ஆன செலவு அங்கேயே திரும்பிவிட்டது.

இவ்வளவும் வெளியே இருந்து வருவதற்கு. ஆனால் உண்மையைச் சொன்னால், எங்கள் பண்ணையில் குட்டிகள் செத்தது எந்தப் பெரிய நோயாலும் இல்லை, கழிச்சலால். பிறந்து மூன்றாம் நாள், நான்காம் நாள் மஞ்சளாக, தண்ணீராகப் போகும். பத்துக்கு மூன்று போய்விடும். டாக்டரைக் கூப்பிட்டால் வந்தார். மருந்து எழுதுவதற்கு முன்னால் குனிந்து, குட்டிகள் படுக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கையைத் திருப்பி என்னிடம் காட்டினார். ஈரம். "மருந்து தர்றேன். ஆனா இத முதல்ல பாருங்க" என்றார்.

ஈரம் எங்கிருந்து என்று தேடினால், காரணமான சாமானை நான்தான் மாட்டியிருந்தேன். சித்திரை வெயிலில் தாய்ப்பன்றி மூச்சு வாங்குகிறது என்று கூரையில் பனிப்புகை மாதிரி தண்ணீர் தூவும் ஃபாகர் போட்டிருந்தேன். தாய்க்கு 20 டிகிரி போதும், பிறந்த குட்டிக்கு 32லிருந்து 34 டிகிரி வேண்டும். ஒரே அறையில் இரண்டும் வேண்டும் என்பதுதான் குட்டி ஈனும் அறையின் தொல்லை. ஃபாகர் தாயைக் குளிர்வித்தது, கூடவே குட்டிகளையும் நனைத்துத் தரையையும் நனைத்தது.

இதற்கு மாற்று எங்கள் மஞ்சள் காட்டிலேயே கிடந்தது. சொட்டுநீர்க் குழாய். 16 மில்லிமீட்டர் லேட்டரல், மணிக்கு நாலு லிட்டர் விடும் டிரிப்பர் ஒரு அறைக்கு ஒன்று. தாய் படுத்தால் அதன் தோள்பட்டைக்கு நேர் மேலே இரண்டடி உயரத்தில் கட்டினேன். கழுத்திலும் தோளிலும் சொட்டுகிறது, உடம்புச் சூட்டிலேயே காய்கிறது. தரையில் ஒரு தாம்பாளம் அளவுக்குத்தான் ஈரம், அதுவும் தலைப்பக்கம். குட்டிகள் மடிப்பக்கம். தலைமேல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், காதுக்குள் போனால் தலையை உதறிக்கொண்டே எழுந்து நிற்கும். ராத்திரி நிறுத்திவிட வேண்டும். நாலு அறைக்கும் சேர்த்து ஆயிரத்து இருநூறுகூட ஆகவில்லை.

ஆனால் சொட்டு தோளில் விழ வேண்டுமானால் தோள் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். அதனால் ஒன்றரை அங்குல ஜிஐ பைப்பில் கூண்டு செய்தோம்: ஏழடி நீளம், இரண்டடி அகலம், கீழ்க்கம்பி தரையிலிருந்து பத்தங்குலம், குட்டி புகுந்து வெளியேற. ஒரு கூண்டு ஒன்பதாயிரத்து ஐந்நூறு. தாய் திரும்பக்கூட முடியாமல் நிற்பதைப் பார்க்க எனக்கு நன்றாக இல்லை. ஈனுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு உள்ளே விட்டு, குட்டிகள் சுறுசுறுப்பாக ஓடத் தொடங்கியதும் ஒரு பக்கக் கம்பியைக் கழற்றிவிடுகிறேன். அதற்குப்பின் எட்டடிக்கு பத்தடி அறை முழுக்க அதற்குத்தான். குட்டிகளுக்கு மூலையில் சாக்கு விரித்த மரப்பெட்டி, மேலே நூற்றைம்பது வாட் குண்டு பல்பு. பல்பின் உயரத்தைக் குட்டிகளைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்தால் இறக்க வேண்டும், பல்பை விட்டு விலகிப் படுத்தால் ஏற்ற வேண்டும். முழு நாள் எரிந்தால் மூன்றரை யூனிட்டுக்குச் சற்று மேல்.

ஈரத்துக்கு இன்னொரு ஊற்று நிப்பிள், அதாவது பன்றி வாயால் அழுத்தித் தண்ணீர் குடிக்கும் குழாய் முனை. குட்டிகள் படுக்கிற பக்கம் இருந்த குடிநீர் நிப்பிள் கசிந்துகொண்டிருந்தது, அதைச் சாக்கடை விளிம்புக்கு மாற்றினேன். மாற்றும்போது ஒரு லிட்டர் பாட்டிலைப் பிடித்து, போனில் நேரம் பார்த்தேன். நிறைய ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. பால் கொடுக்கும் தாய்க்கு நிமிடத்துக்கு இரண்டு லிட்டராவது வர வேண்டும், ஒரு நாளைக்கு இருபது முப்பது லிட்டர் குடிக்கும் ஜீவன் அது. பால் குறைவு என்று தீவனத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்த தாய் அது. குழாயைக் கழற்றினால் உள்ளே பாசி. டேங்க் மூடி இல்லாமல் வெயிலில் நின்றதன் பலன். குழாயை மாற்றி, டேங்குக்கு மூடி போட்டு, நிப்பிள் வடிகட்டியைக் கழுவியதும் அரை நிமிடத்தில் பாட்டில் நிறைந்தது. எல்லா நிப்பிளையும் மாதம் ஒரு முறை இப்படிப் பிடித்துப் பார்க்கிறோம்.

இப்போது ஒரு தாய் ஈனும் அறைக்குப் போகிற முறை இது. ஈனுவதற்கு இரண்டு வாரம் முன்பு குடற்புழு மருந்து. அறைக்குள் விடும் அன்று சோப்புப் போட்டு, மடியையும் காலிடுக்கையும் தேய்த்துக் குளியல். புழு முட்டை தோலில் ஒட்டிக்கொண்டு வரும். அறை அதற்கு முன் காலியாகக் கிடக்க வேண்டும். பழைய ஈற்றின் கடைசிக் குட்டியும் வெளியேறிய பிறகு சுரண்டி, சோப்பு நீரால் கழுவி, காயவிட்டு, அப்புறம்தான் நூற்றுக்கு நான்கு பங்கு சலவைச் சோடா கரைத்த சுடுநீர். மறுபடி காயவிட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு. ஒரு வாரம் வெறும் அறை. கழுவாமல் மருந்து ஊற்றுவது வாசல் தொட்டியில் செய்த அதே தவறுதான். குட்டி விழுந்ததும் தொப்புள்கொடியை அயோடினில் முக்குவது, முதல் சில மணி நேரத்தில் எல்லாக் குட்டியும் சீம்பால் குடித்ததா என்று எண்ணிப் பார்ப்பது, மூன்றாம் நாள் 200 மில்லிகிராம் இரும்புச்சத்து ஊசி. சிமெண்ட் தரையில் பிறக்கும் குட்டிக்கு மண் கிடைக்காது, தாய்ப்பாலில் இரும்பு போதாது. கழுத்துத் தோலை விரலால் ஒதுக்கிப் பிடித்துக் குத்தி, ஊசியை எடுத்ததும் தோலை விட்டுவிட்டால் மருந்து வெளியே கசியாது. பாட்டிலுக்குப் பாட்டில் அடர்த்தி வேறு, லேபிளைப் படித்துவிட்டு மில்லி கணக்குப் போடுங்கள். இரண்டு மாதத்தில் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி. இது ஆப்பிரிக்கக் காய்ச்சலுக்கு இல்லை, பழைய பன்றிக் காய்ச்சலுக்கு. ஐஸ் பெட்டியில் கொண்டு வந்து, கரைத்ததும் உடனே போட்டு முடிக்க வேண்டும். அதற்கப்புறம் கோமாரி ஊசி.

பத்துக்கு மூன்று என்று போய்க்கொண்டிருந்தது இப்போது பத்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் பெரும்பாலும் பிறக்கும்போதே நோஞ்சானாக வருவதுதான். பெரிய காய்ச்சல் எங்கள் பண்ணைக்கு வரவில்லை. அதற்கு வேலியும் திண்ணையும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், எங்கள் பக்கம் எந்த ஏற்பாடும் இல்லாத பண்ணைகளுக்கும்தான் வரவில்லை. கழிச்சல் குறைந்ததற்குக் காரணம் காய்ந்த தரை. அது மட்டும் கண்கூடாகத் தெரிகிறது.

இன்னும் முடியாத வேலை ஒன்று இருக்கிறது. செத்த குட்டியையும் நஞ்சுக்கொடியையும் புதைக்கிற குழி. தென்னைக்கு அடியில் மூன்றடி தோண்டிப் புதைத்துக்கொண்டிருந்தோம், நாய் தோண்டி எடுத்துவிடுகிறது. ஆறடி தோண்டலாம் என்றால் ஆகஸ்ட் நடுவில் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் எங்கள் பக்கம் கசிவுநீர் ஏறிவிடும், நாலடியிலேயே ஊறுகிறது. கிணறும் பக்கத்தில்தான். அதனால் தோட்டத்தின் மேட்டு மூலையில், கிணற்றுக்கு எதிர்ப்பக்கம், மூன்றடி விட்டத்தில் மூன்று சிமெண்ட் உறை வாங்கிப் போட்டிருக்கிறேன். இரண்டு உறையை மண்ணுக்குள் இறக்கி, மூன்றாவதை வெளியே விட்டு, மேலே பூட்டுப் போடுகிற இரும்பு மூடி. ஒவ்வொரு தடவையும் போட்டபின் மேலே சுண்ணாம்பு. அடியில் காங்கிரீட் போடுவதா, மண்ணாகவே விடுவதா என்பதில்தான் எனக்கும் டாக்டருக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள் இறக்கியாக வேண்டும்.